சினைப்பைக்குள் என்ன நடக்கிறது? செம்மறி வளர்ப்போர் கேள்விகளும் என் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செம்மறி சினை பிடிக்காதது பற்றியவை. ஆகவே துள்ளுமாரி, மடிநோய் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, சினைப்பை பற்றி மட்டும் எழுதுகிறேன். 31 வருஷம் மானூர், கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்து மருந்தகங்களில் ஆட்டோடு இருந்தவள் நான். ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவளும்கூட. தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டரம்மா, வேம்பூர்ப் பொட்டாடும் கீழக்கரிசலுமாக என்னிடம் 62 உருப்படி இருக்கு. போன வருஷம் இந்நேரம் முக்கால்வாசி ஆடு சினையாகிவிட்டது. இந்தத் தடவை எங்க ஊர்ப்பக்கம் கார்த்திகை மழையே சரியாக இல்லை. ஆனி பாதி போயும் 20 ஆடு பருவத்துக்கே வரவில்லை. ஹார்மோன் ஊசி போட்டால் 2 நாளில் கிடாவுக்கு நிற்கும் என்று ஒருவர் சொல்கிறார். போடலாமா?
வாசகர், கயத்தாறு

பதில்: அண்ணாச்சி, ஊசியே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆனியில், இந்த 20 ஆட்டுக்குப் போடாதீர்கள். நாளைக் காலையில் பட்டியைத் திறந்துவிடும் முன் அந்த 20 ஆட்டின் முதுகிலும் கை வைத்துப் பாருங்கள். கடைசி விலாவுக்குப் பின்னால், நடுத்தண்டின் மேல். எலும்பு முனை ஒவ்வொன்றும் விரலில் குத்துகிறது என்றால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

மீதிப் பதில் சினைப்பைக்குள் இருக்கிறது. செம்மறியின் சினைப்பை ஒரு பெரிய மொச்சைக்கொட்டை அளவுதான். பெட்டைக் குட்டி பிறக்கும்போதே அதற்குள் பல்லாயிரம் முட்டைகள் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்கும் முட்டை ஒன்று விழித்து, தன்னைச் சுற்றிச் செல்களை அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டு, நீர் கோத்த ஒரு குமிழாக வளர்ந்து, வெடித்து வெளியேற ஏறக்குறைய 6 மாதம் ஆகிறது. வருகிற ஆடியில் வெளியேற வேண்டிய முட்டை தை, மாசியிலேயே விழித்துவிட்டது. அப்போது உங்கள் ஆடு என்ன தின்றது? பிசான அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டீர்களா, பருத்தி எடுத்த கரிசலில் மேய்ந்ததா, இல்லை பொட்டலில் சும்மா நடந்து திரிந்ததா? மழையில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு அந்தத் தை மாசம்தான் கண்ணில் நின்றது.

அந்தக் குமிழுக்கு இரண்டு சுவர் உண்டு. வெளிச்சுவரில் இருப்பவை தீக்கா செல்கள். உள்சுவரில், முட்டையைச் சுற்றி இருப்பவை கிரானுலோசா செல்கள். ரத்தக் குழாய் வெளிச்சுவரோடு நின்றுவிடும். உள்ளே இருக்கிற செல்களுக்கு எல்லாமே கசிந்துதான் போய்ச் சேர வேண்டும். மூளைக்கு அடியில் தொங்குகிற பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.ஹெச் என்பது வெளிச்சுவரிடம் பேசும். அது கேட்டுக்கொண்டு, ரத்தத்தில் வருகிற கொழுப்பிலிருந்து ஆண் வகை ஹார்மோனைச் செய்யும். ஆமாம், பெட்டை ஆட்டுக்குள்தான். எஃப்.எஸ்.ஹெச் என்பது உள்சுவரிடம் பேசும். வெளியிலிருந்து கசிந்து வரும் ஆண் ஹார்மோனை உள்சுவர்ச் செல்கள் வாங்கி ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். ஆடு வாலை ஆட்டுவது, கிடாவைத் தேடிப் போவது, மேயாமல் கத்துவது எல்லாம் இந்த ஈஸ்ட்ரோஜன் செய்கிற வேலை. இரண்டு சுவரில் ஒன்று ஓய்ந்தாலும் பருவம் வராது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குமிழ் கேழ்வரகு மணியைவிடச் சற்றுப் பெரிதாக, 2 மில்லிமீட்டர் ஆகும் வரை பிட்யூட்டரி ஹார்மோன் இல்லாமலே வளரும். அதுவரை வளர்ப்பது அக்கம்பக்கத்துச் செல்கள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும் வளர்ச்சிக் காரணிகள். அதற்குப் பிறகு நல்லமிளகு அளவு, 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை வளர எஃப்.எஸ்.ஹெச் வேண்டும். அந்த எஃப்.எஸ்.ஹெச் சொல்வது செல்லுக்கு உறைக்க வேண்டுமானால் இன்சுலினும், ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் கூடவே இருக்க வேண்டும். ஐ.ஜி.எஃப்-1 பெரும்பாலும் ஈரலில் உண்டாகி ரத்தத்தில் வருவது. ஆடு பட்டினி கிடந்தால் வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்தில் ஏறும், ஆனால் ஈரல் அதற்குச் செவிகொடுக்காது. ஐ.ஜி.எஃப்-1 இறங்கிவிடும். இது போதாதென்று, வாடுகிற குமிழ்களின் நீரில் ஐ.ஜி.எஃப்பைப் பிடித்துக் கட்டி வைத்துக்கொள்கிற புரதங்கள் கூடிவிடும். மிச்சமிருப்பதும் செல்லுக்குக் கிடைக்காது. இந்த நிலையில் வெளியிலிருந்து ஊசி மூலம் எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும், பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரிதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், மானூருக்கு வடக்கே ஒரு கீதாரியின் கிடையில் 35 ஆட்டுக்கு, கோடை முடிகிற சமயத்தில், மருந்து தோய்த்த ஸ்பாஞ்சைப் பெட்டையின் பிறப்புறுப்புக்குள் வைத்து எடுத்து ஊசியும் போட்டேன். இளம் வயது, கையில் மருந்து, செய்துகாட்ட வேண்டும் என்ற ஆசை. 22 ஆடு கிடாவுக்கு நின்றது. ஊரே ஆச்சரியமாகப் பார்த்தது. 5 மாதம் கழித்துக் குட்டி போட்டது 6 ஆடு. அந்தக் கீதாரி என்னைத் திட்டவில்லை. "பசிச்சுக் கெடக்குற ஆட்டுக்குக் கிடா எதுக்கு தாயி? மொதல்ல எரை காட்டு"ன்னு மட்டும் சொன்னார். அவருக்கு ஐ.ஜி.எஃப் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழி என்னுடையது, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இது. முதலில் சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழு மருந்து கொடுங்கள். பிறகு 3 வாரம், மேய்ச்சல் போக, ஆடு ஒன்றுக்குத் தினமும் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம். உடைத்த சோளமோ மக்காச்சோளமோ பாதி, உளுந்தம்பொட்டும் கடலைப்பிண்ணாக்கும் மீதி, கொஞ்சம் தாது உப்பு. ஒரேயடியாகக் கொட்டாமல் 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வயிறு புளித்துவிடும். அகத்தியோ வேலிமசாலோ கைக்கு எட்டினால் ஒரு கட்டு. மெலிந்த ஆட்டில் இந்தத் தீவனம் இன்சுலினையும் ஐ.ஜி.எஃப்பையும் தூக்கும், வாட இருந்த குமிழ்கள் சில பிழைக்கும். கொழுத்த ஆட்டில் ஒரு பலனும் தெரியாது. கிடா சேர்ந்த பிறகு தீவனத்தை மேலும் மேலும் ஏற்றாதீர்கள். சினையின் முதல் இரண்டு வாரத்தில் ஆடு அளவுக்கு மீறித் தின்றால் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, கருவைக் காக்கிற புரோஜெஸ்டிரோன் வேகமாகக் கழிந்துவிடும். கரு தங்காமல் போகலாம்.

3 வாரம் கழித்து மறுபடி முதுகைத் தடவிப் பாருங்கள். சதை பிடித்தும் பருவம் வராத ஆடு இருந்தால், அப்போது மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் 12 முதல் 14 நாள் ஸ்பாஞ்ச் வைத்து எடுத்து, சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற இ.சி.ஜி ஊசியை அளந்து போடுவார். அளவு கூடினால் நாலைந்து முட்டை ஒன்றாக வெளியேறி, நோஞ்சான் குட்டிகளாகப் பிறந்து சாகும். வருஷா வருஷம் போட்டால் ஆட்டின் உடம்பே அந்த மருந்துக்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிக்கொள்ளும். பையில் ஊசியோடு ஊர் ஊராக வருகிறவரிடம் இதையெல்லாம் விடக் கூடாது.

கேள்வி: ஹார்மோன் ஊசி போட்ட ஆட்டுக் கறியைத் தின்னலாமா? எங்க வீட்டில் பயப்படுகிறார்கள்.
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இ.சி.ஜி ஒரு புரதம். கறியோடு வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதம் மாதிரி செரித்துவிடும். பருவத்துக்கு வரவைக்கப் போடுகிற இன்னொரு மருந்தான புரோஸ்டாகிளாண்டின் ஆட்டின் நுரையீரலிலேயே பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. ஸ்பாஞ்சில் இருக்கிற மருந்து மட்டும் சில நாள் தங்கும். எந்த மருந்தானாலும் கறிக்கு விடும் முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கும், அதைக் காத்தால் போதும். பருவத்துக்கு வர ஊசி போட்ட பெட்டையை யாரும் மறுநாளே கறிக்கு விற்பதில்லை என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: அம்மா, நான் முதுநிலை கால்நடை மருத்துவ மாணவி. மேலப்பாளையத்தில் அறுக்கிற செம்மறியின் சினைப்பைகளை வாங்கிவந்து, கிரானுலோசா செல்களைத் தட்டில் வளர்த்து, எஃப்.எஸ்.ஹெச்சும் இன்சுலினும் கொடுத்து ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனை அளக்கிறேன். முதல் 2 நாள் கொஞ்சம் வருகிறது. பிறகு புரோஜெஸ்டிரோன் ஏறுகிறது, ஈஸ்ட்ரடையால் காணாமல் போகிறது. செல்களெல்லாம் தட்டையாக நீண்டுவிடுகின்றன. மூன்று தடவையும் இதே கதை. எங்கே தவறுகிறேன்?
ராமையன்பட்டி

பதில்: தாயி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் படித்த காலத்தில் பிளாஸ்க்கில் 35 டிகிரிக்கு உப்புநீர் ஊற்றி, அதில் சினைப்பைகளைப் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நீ தவறு செய்யவில்லை. உன் செல்கள் தங்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டன. குமிழ் வெடித்து முட்டை வெளியேறியதும் கிரானுலோசா செல்கள் பருத்து, கார்பஸ் லூட்டியம் என்கிற ‘மஞ்சள் திரளின்’ பெரிய செல்களாக மாறிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கும் அல்லவா? உன் தட்டில் குமிழ் வெடிக்காமலே அது நடக்கிறது. நடக்க விடாமல் பிடித்து வைப்பதுதான் உன் வேலை.

நீ எழுதாமல் விட்ட மூன்று விஷயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, வளர்ப்பு நீரில் கன்றுச் சீரம், அதாவது கன்று ரத்தத்தின் தெளிநீர், சேர்க்கிறாயா? சேர்த்தால் நிறுத்து. சீரத்தில் என்னென்ன வளர்ச்சிக் காரணி, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் கணக்கில்லை. உயிரோடு இருக்கிற குமிழுக்குள் கிரானுலோசா செல் சீரத்தைப் பார்ப்பதும் இல்லை. சீரம் பட்டால் அது தட்டில் ஒட்டி, தட்டையாகி, லூட்டியமாக ஓடும். சீரமில்லாத நீரில் ஆல்புமின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் போட்டு வளர்த்தால் செல்கள் திராட்சைக் கொத்து மாதிரி குவிந்து நிற்கும். கொத்தாக நின்றால் ஈஸ்ட்ரடையால் வரும். தினமும் நுண்ணோக்கியில் பார், ஹார்மோன் அளக்கும் முன்பே விடை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, இன்சுலின் எவ்வளவு? கடையில் கலவையாக விற்கிற பொடியை அப்படியே போட்டால் ஒரு மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் வந்துவிடும். ஆட்டின் ரத்தத்தில் இருப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு போட்டால் இன்சுலின் தன் வாசலை விட்டுவிட்டு ஐ.ஜி.எஃப்-1 வாசல் வழியாகவும் நுழைந்து செல்லை விரட்டும். 10 நானோகிராமுக்கு இறங்கு. எஃப்.எஸ்.ஹெச்சையும் அப்படியே, 1 நானோகிராமில் தொடங்கிப் படிப்படியாகப் போ. அதிகமாகப் போட்டால் அதிக ஈஸ்ட்ரடையால் வரும் என்று நினைத்துத்தான் நாங்களும் ஏமாந்தோம். ஓர் அளவு வரை ஏறும், அதற்கு மேல் இறங்கும், புரோஜெஸ்டிரோன்தான் ஏறும்.

மூன்றாவது கேள்விதான் பெரியது. ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஆண் வகை ஹார்மோனைச் சேர்த்தாயா? உன் தட்டில் தீக்கா செல் கிடையாது, அதைக் குமிழோடு விட்டுவிட்டு வந்துவிட்டாய். கயத்தாறு அண்ணாச்சிக்கு மேலே எழுதியதைப் படி. வெளிச்சுவர் இல்லையென்றால் உள்சுவருக்கு மூலப்பொருள் இல்லை. முதல் 2 நாள் வந்த ஈஸ்ட்ரடையால், குமிழ்நீரிலிருந்து செல்கள் கொண்டுவந்த கட்டுச்சோறு. அது தீர்ந்ததும் நின்றுவிட்டது. நீருக்குள் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் போட்டுவிட்டு நாலாம் நாள், ஆறாம் நாள் அளந்து பார்.

இன்னும் சில. 1 முதல் 3 மில்லிமீட்டர் குமிழ்களை மட்டும் தனியாக எடு, பெரிய குமிழின் செல்லைக் கலக்காதே. பெரியவை ஏற்கெனவே எல்.ஹெச்சைக் கேட்கிற ஏற்பி முளைத்து மாறத் தயாராக நிற்பவை. கார்பஸ் லூட்டியத்தைப் பார்த்து அந்த ஆடு சுழற்சியில் எங்கே இருந்தது என்று குறித்துக்கொள். பேரில்தான் மஞ்சள், செம்மறியில் அது இளஞ்சிவப்பாக இருக்கும், தேடிக் குழம்பாதே. கடைசியில் செல்லை எண்ணி, ஒரு செல்லுக்கு எவ்வளவு ஹார்மோன் என்று வகுத்து எழுது. இதைச் செய்யாவிட்டால் இ.ஜி.எஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி போட்ட தட்டில் பெரிதாகத் தப்பு வரும். இ.ஜி.எஃப் செல்களைப் பெருக்கும், அதே சமயம் எஃப்.எஸ்.ஹெச் எழுப்புகிற ஈஸ்ட்ரடையாலை அமுக்கும். பெருகுவதும் முதிர்வதும் செல்லுக்கு ஒரே நேரத்தில் நடப்பதில்லை.

ஆனால் அதே இ.ஜி.எஃப் குடும்பம் முட்டை முதிர்கிற கடைசி நாளில் நல்லது செய்கிறது, இதையும் படித்து வை. முட்டையை ஒட்டி நிற்கிற குமுலஸ் செல்களுக்கு எல்.ஹெச்சை நேரடியாகக் கேட்கிற ஏற்பி ஏறக்குறைய இல்லை. சுவரில் இருக்கிற கிரானுலோசா செல்கள் எல்.ஹெச்சைக் கேட்டு, ஆம்ஃபிரெகுலின், எபிரெகுலின் என்ற இ.ஜி.எஃப் உறவுக்காரர்களைச் சுரந்து சேதியை உள்ளே கொண்டுசேர்க்கின்றன. உடனே குமுலஸ் செல்கள் பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து விரிந்து, முட்டையைப் பிடியிலிருந்து விடுகின்றன. சோதனைக்குழாயில் செம்மறி முட்டையை 24 மணி நேரம் முதிரவைக்கும்போது நீருக்குள் இ.ஜி.எஃப் சேர்ப்பது இதற்காகத்தான். எனக்கு இது எத்தனை தடவை படித்தாலும் அலுக்காத பக்கம். உன் ஆய்வு முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஊசி போட்டு ஆட்டு முடியைத் தானாக உதிரவைக்கிறார்களாம். அந்த ஊசியால் சினை ஆடு குட்டி வீசிவிடும் என்கிறார்களே, உண்மையா?
வாசகர், சங்கரன்கோவில்

பதில்: உண்மைதான். அதுவும் இ.ஜி.எஃப்தான். ஸ்டான்லி கோஹென் என்ற விஞ்ஞானி எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிக்குக் கொடுத்தபோது, கண்கள் நாளுக்கு முன்பே திறந்துகொண்டதைக் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்தது இந்தக் காரணி. 1986-இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைச் செம்மறிக்குச் செலுத்தினால் முடி வளர்ச்சி கொஞ்ச நேரம் நின்று மறுபடி தொடங்கும். நின்ற இடத்தில் இழை அறுந்து, சில வாரத்தில் கம்பளி முழுதாகக் கழன்று வரும். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் இதை உருவாக்கியது, 1998-இல் விற்பனைக்கு வந்தது. ஆராய்ச்சி நடந்தபோதே, மெரினோ பெட்டைகளின் பருவச் சுழற்சி இதனால் குலைவதையும், சினை ஆடுகள் கரு கலைவதையும் பார்த்தார்கள். தோலுக்கென்று கொடுத்த காரணி சினைப்பையிலும் போய்ப் பேசிவிட்டது. நம் பொட்டாட்டுக்கும் கீழக்கரிசலுக்கும் செவ்வாட்டுக்கும் கம்பளியே கிடையாது, அதனால் உங்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: எங்க செவ்வாடு ஒத்தைக் குட்டிதான் போடுது. வடக்கே எப்போதும் ரெட்டை போடுகிற ஆடு இருக்கிறது என்றார்கள். அதில் கிடா வாங்கி வந்து விட்டால் எங்களுக்கும் ரெட்டை பிறக்குமா?
வாசகர், நாங்குநேரி

பதில்: இருக்கிறது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் கரோல் என்று ஒரு சின்ன செம்மறி. சேற்றிலும் தண்ணீரிலும் நின்று மேயும், இரண்டு மூன்று குட்டி சாதாரணமாகப் போடும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்து ஆடுகள் கப்பலில் ஆஸ்திரேலியா போயின. அந்த ரத்தம்தான் அங்கே பூரூலா மெரினோ என்ற பலகுட்டி ஆட்டில் தங்கியது என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. 2001-இல் அதன் காரணம் பிடிபட்டது. கிரானுலோசா செல்லின் மேல் பி.எம்.பி என்ற வளர்ச்சிக் காரணியைக் கேட்கிற ஏற்பி ஒன்று உண்டு. அந்த ஏற்பியைச் செய்கிற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் குமிழ்கள் சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்துவிடுகின்றன. மற்ற ஆட்டில் ஒரு குமிழ் முதிர்ந்து மற்றதை அமுக்கிவிடுகிற நேரத்தில், இதில் இரண்டு மூன்று சேர்ந்து முதிர்கின்றன. மகாராஷ்டிரத்தில் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மரபணுவைத் தக்காணி ஆட்டில் சேர்த்து நாரி சுவர்ணா என்ற ஆட்டை உருவாக்கியது. ராஜஸ்தானின் அவிகாநகரில் அவிஷான் என்ற ஆடு வந்தது. ஆகவே நடக்கும்.

நடந்தால் நல்லதா என்று கேட்டால், உங்களுக்கு நல்லதில்லை என்றுதான் நினைக்கிறேன். நாங்குநேரிக் காட்டில் ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்து உங்கள் ஆடு வயிற்றை நிரப்புகிறது? அந்தப் பாலில் ஒரு குட்டி கொழுகொழுவென்று வளரும். இரண்டு குட்டி என்றால் இரண்டும் சவலை. செவ்வாடு ஒற்றைக் குட்டியோடு நிற்பது இந்த மண்ணுக்குத் தக்கபடி அது கற்றுக்கொண்டது. வெளி ரத்தத்தைக் கலந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. கொட்டிலில் கட்டித் தீவனம் போடுகிற வசதி உங்களுக்கு இருந்தால் அது வேறு பேச்சு.

இன்னொரு எச்சரிக்கை. நியூசிலாந்தில் ராம்னி ஆடுகளில் இன்வர்டேல் என்று வேறொரு மாற்றம் கண்டார்கள். முட்டையே சுரக்கிற பி.எம்.பி-15 என்ற காரணியில் குறை. 2000-இல் மரபணு தெரிந்தது. தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தால் குட்டி கூடுகிறது. இருவரிடமிருந்தும் வந்தாலோ அந்தப் பெட்டையின் சினைப்பை வளராமல் நூலாக நின்றுவிடும், வாழ்நாள் முழுக்க மலடு. முட்டை பேசாவிட்டால் சுற்றியுள்ள செல் வளராது என்று உலகம் இதிலிருந்துதான் தெளிவாகத் தெரிந்துகொண்டது. உறவுக்குள்ளேயே கிடா மாற்றாமல் வருஷக்கணக்கில் விடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

கேள்வி: கிடாவை எப்போதும் மந்தையிலேயே விட்டிருக்கோம். பிரித்து வைத்தால் பிரயோசனம் உண்டா?
வாசகர், மானூர்

பதில்: உண்டு, காசு செலவில்லாத ஹார்மோன் ஊசி அதுதான். ஒரு மாதம் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்தில் கிடாவைக் கட்டி வையுங்கள். பக்கத்து வேலிக்குள் கட்டினால் பலிக்காது. திடீரென்று உள்ளே விட்டதும், பருவம் நின்றிருந்த பெட்டைகளில் கிடா வாடை பட்ட சில நிமிஷத்திலேயே எல்.ஹெச் துடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் முட்டை வெளியேறும். அந்த முதல் தடவை வெளியில் அறிகுறி தெரியாது. 17-ஆம் நாளிலிருந்து 25-ஆம் நாளுக்குள் ஆடுகள் திமுதிமுவென்று பருவத்துக்கு வரும். ஸ்காட்லாந்து ஆடு பகல் குறைகிற காலத்தைப் பார்த்துத்தான் பருவத்துக்கு வரும். நம் ஊரில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் 1 மணி நேரம்தான் வித்தியாசம், இங்கே மழையும் இரையும் கிடாவும்தான் கணக்கு.

கேள்வி: டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரர் தெரிஞ்சவர் ஒருத்தரைக் கூட்டிவந்து, 6 செம்மறிக்கும் 3 வெள்ளாட்டுக்கும் ஒரே ஊசியைப் போட்டார். பருவத்துக்கு வரவைக்கிற ஊசி என்றார். 3 மாச சினையாக இருந்தது எங்களுக்குத் தெரியாது. வெள்ளாடு மூன்றும் குட்டியை வீசிவிட்டது. செம்மறிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் இப்படி? ஆட்டைப் பிடித்துக்கொண்டது எங்க மருமகள். அவள் 4 மாசம் முழுகாமல் இருக்கிறாள். பயமாக இருக்கு.
வாசகி, ஆலங்குளம்

பதில்: தாயி, முதலில் மருமகள். அந்த மருந்து புரோஸ்டாகிளாண்டின் வகையாக இருக்கும். ஆட்டைப் பிடித்துக்கொண்டதால் மட்டும் அது உடம்புக்குள் போய்விடாது. மருந்து கையில் சிந்தியதா, ஊசி முனை அவள் மேல் பட்டதா என்று கேளுங்கள். பட்டிருந்தாலும், வயிற்றில் வலியோ ரத்தமோ இருந்தாலும் இன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப் போய், மருந்துக் குப்பியையும் காட்டுங்கள். இந்த மருந்து தோல் வழியாகவே உள்ளே போகும், கருப்பையைச் சுருக்கும். முழுகாமல் இருக்கிறவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. இனி ஊசி போடுகிற நாளில் அவளைப் பட்டிப் பக்கம் விடாதீர்கள்.

இப்போது ஆடு. முட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகிற கார்பஸ் லூட்டியம் புரோஜெஸ்டிரோன் சுரந்து சினையைத் தாங்குகிறது. புரோஸ்டாகிளாண்டின் அதைத்தான் கரைக்கும். செம்மறியில் ஏறக்குறைய 50 நாளுக்குப் பிறகு நஞ்சுக்கொடியே போதுமான புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கிவிடும். கார்பஸ் லூட்டியம் கரைந்தாலும் குட்டி தப்பிக்கும். வெள்ளாட்டுக்கு அந்த மாற்று ஏற்பாடு கிடையாது, குட்டி பிறக்கும் நாள்வரை கார்பஸ் லூட்டியத்தையே நம்பி இருக்கும். அதனால் எந்த மாதத்தில் போட்டாலும் வெள்ளாடு வீசிவிடும். உங்கள் செம்மறி 3 மாதத்தில் இருந்ததால் பிழைத்தது. 1 மாதத்தில் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

வீசிய மூன்று வெள்ளாட்டுக்கும் நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததா என்று பாருங்கள். நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவர் வந்தாக வேண்டும். விழுந்த குட்டியையும் நஞ்சையும் வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள். ஊசிதான் காரணம் என்று தோன்றினாலும் கருச்சிதைவு நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது, அந்த நோய் மனிதர்களுக்கும் தொற்றும். செம்மறி ஆறையும் தனியாக வைத்து, 150 நாள் கணக்குப் போட்டு, கடைசி ஒன்றரை மாதம் தீவனத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள் தாயி, காத்திருப்பேன்.